பின்சரிவை மூடுவதற்கு முன் விளக்கடித்துப் பாருங்கள்: எங்கள் பினாங்குக் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் ஐயா, செயலவை உறுப்பினர்களே,

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு முழுக்க மாதம் ஒருமுறை பூச்சிமருந்து அடிப்பது, தைப்பூசத்துக்கு முன் அந்தப் பாறைச்சரிவைச் சிமெண்ட் பூசி மூடிவிடுவது என்று சென்ற கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். காரணம், தேள். முதல் தடவை மருந்தடித்த மறுநாள், செத்த தேள்களை வாளியில் அள்ளிப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. அந்த வாளியில் கிடந்த ஒரு தாய்த்தேளின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் ஒட்டியிருந்ததை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. கூட்டத்திலேயே எழுந்து, அமெரிக்காவில் ஒரு பாலைவன மலையில் கண்டுபிடித்த தேளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "டீச்சர், அது அமெரிக்கா. இது கோயில்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். முடிக்க விடாத பேச்சைத்தான் இப்போது எழுதுகிறேன். உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றே திறந்த மடலாக எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் டெத் வேலி என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான இடம் அது. அந்தப் பூங்காவின் இன்யோ மலைப் பகுதியில் உயிரினக் கணக்கெடுப்புக்குப் போன ஆய்வாளர்கள் இரவில் புறஊதா விளக்கடித்துத் தேடியபோது ஒரே ஒரு ஆண் தேள் அகப்பட்டது. நீளம் வெறும் 16 மில்லிமீட்டர். கொடுக்கின் அடியில் சின்னதாக ஒரு முள். மைக்கேல் வெப்பர், மாத்யூ கிரஹாம், ஜெஃப் ஜேகர் ஆகிய மூவரும் அதன் உடலை அங்கம் அங்கமாக அளந்து, மரபணுவையும் ஒப்பிட்டு, 2012-இல் வெர்னேரியஸ் இன்யோயென்சிஸ் என்ற பெயரில் புதிய இனமாக அறிவித்தார்கள். பாறை இடுக்குகளிலேயே பெரும்பாலும் அடங்கிக் கிடப்பதால்தான் இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படவில்லையோ என்பது அவர்களின் ஊகம்.

ஆய்வாளர்களும் அதிகாரிகளும் வந்து போகிற ஒரு தேசியப் பூங்காவில், விளக்கோடு தேடியும் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தால், அப்படி ஓர் உயிர் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

பத்து வருஷம் கழித்து, 2022-இல், அதே கலிபோர்னியாவில் இன்னும் இரண்டு தேள் இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். இந்த முறை கண்டுபிடித்தவர்கள் பிரக்ரித் ஜெயின், ஹார்ப்பர் ஃபோர்ப்ஸ் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள். பொதுமக்கள் எடுத்த படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் யாராலும் பெயர் சொல்ல முடியாத தேள் படங்களைப் பார்த்துவிட்டு, நேரில் போய்த் தேடிப் பிடித்தார்கள். கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் தேள் ஆய்வாளர் லாரன் எஸ்போசிட்டோ துணை நின்றார். அந்த இரண்டில் ஒன்று, மொஹாவி பாலைவனத்தில் கோன் என்ற வறண்ட ஏரியின் ஓரமாக, ஒரு குறுகிய நிலப்பட்டையில் மட்டும் வாழ்கிறது. அந்த நிலத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே ஒரே ஒரு கட்டுமானத் திட்டம் வந்தால் அந்த இனமே முடிந்துவிடும்.

சரி, அது பாலைவனம், நம்முடையது மழைக்காடு. பினாங்கில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கோடு போட்ட உடம்போடு இரவில் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காட்டுப் பல்லி இங்கே உண்டு. சிர்டோடாக்டைலஸ் புல்செல்லஸ் என்று 1827-இலேயே பெயர் வாங்கியது. மலேசியத் தீபகற்பம் முழுக்க இருப்பதும் இதே பல்லிதான் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2012-இல் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது, அங்கே இருப்பவை வேறு வேறு இனங்கள், புல்செல்லஸ் என்பது நம் பினாங்குத் தீவில் மட்டுமே இருக்கிறது என்று தெரிந்தது. பினாங்கு ஓடைத் தேரையும் அப்படித்தான். பாறைமேல் தண்ணீர் வேகமாக ஓடும் மலை ஓடைகளில் வாழும் சின்னத் தேரை அது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதையெல்லாம் நம்பித்தான் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு ஹில் என்கிற நம் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. மலேசியாவில் தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது. அந்த அறிவிப்பு வந்தபோது நம் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் பெருமையாகப் பேசிக்கொண்டோம். அந்த மலையின் அடிவாரத்தில்தான் நாம் மருந்து அடிக்கிறோம்.

கோயில் என்றால் இதெல்லாம் பார்க்க முடியுமா என்று சொல்வதற்கு முன் பத்துமலையை நினைத்துப் பாருங்கள். 272 படி ஏறும் வழியிலேயே இருட்டுக் குகைக்குப் போகும் பாதை பிரிகிறது. அந்தக் குகையில் வாழும் லிஃபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்ற சிலந்தியை 1923-லேயே விவரித்து எழுதியிருக்கிறார்கள். வயிற்றில் பட்டை பட்டையாக ஓடுகள் உள்ள பழங்கால வகை. வளையின் வாயில் ஒரு மூடியைச் செய்து, அதற்கு வெளியே நூல்களைப் பரப்பிவிட்டு உள்ளே காத்திருக்கும். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும் முருகன் தலத்துக்குப் பக்கத்திலேயே அது நூறு வருஷத்துக்கு மேலாக இருந்துகொண்டிருக்கிறது. நம் சரிவை வந்து பார்த்த ஆய்வாளர் இதுவரை ஒருவர்கூட இல்லை. இல்லாததற்கும் பார்க்காததற்கும் வித்தியாசம் இருக்கிறது ஐயா.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதத்தோடு சில இரவுகள் பின்சரிவின் ஓரம் வரை கூட்டிப் போயிருக்கிறேன். ரூபாய் நோட்டு சோதிக்கும் புறஊதா டார்ச் கையில் இருந்தால் போதும், ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. அந்த வெளிச்சம் பட்டதும் தேள் பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். அதன் மேல்தோலில் உள்ள சில பொருள்கள்தான் அப்படி ஒளிர்கின்றன. புதிதாகத் தோல் உரித்த தேள் மட்டும் சில நாள் ஒளிராது. பாறைக்கு அடியில் பெரிய கறுப்புத் தேள், நம்மவர்கள் நட்டுவாக்காலி என்கிறோமே அது, வாசலில் உட்கார்ந்திருக்கும். கால் அதிர்வு கேட்டதும் உள்ளே போய்விடும். இரவில் தேளைத் தேடி வந்த பிள்ளைகள் அடுத்த வாரம் தேவாரத்துக்கும் தவறாமல் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை எந்தப் பாடப்புத்தகத்தாலும் என்னால் செய்ய முடிந்ததில்லை.

கறுப்புத் தேளைத் தவிர, மேல்பாறையின் வெடிப்பில் வெளிறிய நிறத்தில் மிகச் சிறிய தேள்களும் இருந்தன. பெரிதின் குட்டிகள் அல்ல அவை, இடுக்கியின் வடிவமே வேறு. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அது புதிய இனம் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் ஏற்கனவே பெயர் உள்ள சிறு தேள்கள் பல உண்டு, அவற்றில் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தெரிந்தவர் யாரும் இதுவரை வந்து பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே அந்த வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைக்கப் போகிறோம்.

இனி பயத்துக்கு வருவோம். அன்னதானக் கூடத்தில் காய் நறுக்க வந்த அக்காவைத் தேள் கொட்டியபோது நான்தான் கூட இருந்தேன். கால் வீங்கியது, எரிச்சலில் அழுதார். கழுவி, ஐஸ் வைத்து, கிளினிக்குக் கூட்டிப் போனோம். சாயங்காலம் அவரே நடந்து வீட்டுக்குப் போனார். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைக்கோ ஒவ்வாமை உள்ளவருக்கோ கொட்டினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நம் மனதில் இருக்கும் தேள் வேறு. அது இந்தியாவின் செந்தேள். அந்தத் தேள் கொட்டினால் இதயம் பாதிக்கப்பட்டு, குழந்தைகள் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர் 1980-களில் பிரசோசின் மருந்தைப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் அந்தச் சாவுகள் குறைந்தன. நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் கொண்டுவந்த பயம் அந்தத் தேளைப் பற்றியது. தோட்டத்து லயத்து வீடுகளில் என் பாட்டியும் அதே கதையைத்தான் சொல்லுவார், செந்தேள் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு. நம் சரிவில் இருக்கும் பெரிய கறுப்புத் தேள் இடுக்கியை நம்பி வாழ்வது. கொடுக்கின் விஷம் அதற்கு இரண்டாம்பட்சம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அவ்வளவுதான்.

"பக்தர்கள் வெறுங்காலில் நடக்கிற இடம் டீச்சர்" என்று பொருளாளர் சொன்னது மட்டும் நியாயமான வாதம். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். தேள் ஏன் கீழே இறங்குகிறது? கரப்பான்பூச்சிக்காக. அன்னதானக் கூடத்தின் பின்சுவரில், சரிவை ஒட்டியே, வாழை இலைக் குப்பையை மலையாகக் குவித்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் விறகு, அதற்குப் பக்கத்தில் திருப்பணிக்கு வாங்கி மிஞ்சிய செங்கல். சாப்பாடும் வீடும் சேர்த்துக் கொடுத்தால் எந்த உயிர்தான் வராது? இந்தக் குவியலை எடுக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்ததற்கு இன்றுவரை பதில் வரவில்லை. மருந்துக்கு மட்டும் ஒரே கூட்டத்தில் பணம் ஒதுக்கிவிட்டீர்கள்.

அந்த மருந்தால் பலன் உண்டா என்றால், அதுவும் சந்தேகம்தான். தேளுக்குப் பூச்சிமருந்து எளிதில் ஏறாது. உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும், பகல் முழுக்க இடுக்கில் இருக்கும், மாதக்கணக்கில் தின்னாமலும் தாங்கும். வாளியில் நீங்கள் காட்டியது நேரடியாக நனைந்தவை. ஆழத்தில் இருப்பவை அப்படியே இருக்கும். ஆனால் மற்றதெல்லாம் போய்விடும். மருந்தடித்த அந்த வாரம், தூணில் கூடு வைத்திருந்த கெலுலுட் என்ற கொட்டாத சிறு தேனீக்கள் காணாமல் போயின. மழை பெய்த மறுநாள் சரிவுக்குக் கீழே ஓடையில் சிறு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. படம் எடுத்துச் செயலாளருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அடித்தது என்ன மருந்து என்று கேட்டேன். "நல்ல மருந்துதான்" என்றார் குத்தகைக்காரர். வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் அடிக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடுமையான விஷம். அதைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இந்த வேலைக்கு உரிமம் வேண்டும். நம் குத்தகைக்காரரிடம் அது இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

சிமெண்ட் விஷயத்தில் தேளை மறந்துவிட்டுக்கூட யோசியுங்கள். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்ததையும், அடுத்த மாதமே தீவு முழுக்க வெள்ளம் வந்ததையும் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஒரு சரிவைப் பூசி மூடுவது பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை. யாருக்கோ தெரிந்த கொத்தனார் முடிவு செய்வதல்ல. மாநகர மன்றத்தின் அனுமதியைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

இடையில் ஒன்று. தேளைக் கண்டால் அடித்துக் கொல்வதுதான் நம் மரபு என்று ஓர் உறுப்பினர் குழுவில் எழுதியிருந்தார். கர்நாடகத்தில் கோலார் ஊரிலுள்ள சோழர் காலத்துக் கோலாரம்மன் கோயிலுக்குள் தேள் தெய்வத்துக்கென்றே ஒரு சந்நிதி இருக்கிறது. தேள்கடி வராமல் காக்கச் சொல்லி அங்கே காணிக்கை போடுகிறார்கள். மரபு என்று பேசினால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நான் கேட்பது இவைதான். இந்த மாதத்து மருந்தடிப்பை உடனே நிறுத்துங்கள். குத்தகை ஒப்பந்தம், மருந்தின் பெயர், உரிமம் மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சிமெண்ட் வேலையைத் தள்ளிப் போடுங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969 முதல் இந்தத் தீவில்தான் இருக்கிறது, வேறு நாட்டிலிருந்து யாரையும் வரவழைக்கத் தேவையில்லை. அதன் உயிரியல் துறைக்குக் கோயில் பெயரில் ஒரு கடிதம் எழுதி, சரிவை ஓர் இரவு வந்து பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். என்னிடம் இருக்கும் படங்களையும் இணைத்து அனுப்பலாம். அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, பொறியாளர் ஒருவரும் பார்த்த பிறகு, சரிவை என்ன செய்வது என்று பொதுக்கூட்டத்தில் பேசுவோம்.

பக்தர்களின் காலுக்குப் பாதுகாப்பு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இலைக் குப்பையைத் தினமும் ராத்திரிக்குள் அப்புறப்படுத்த ஆள் போடுங்கள். விறகையும் செங்கல்லையும் சுவரை விட்டு நகர்த்தி, தரைக்கு மேலே தூக்கி அடுக்குங்கள். மடப்பள்ளிக் கதவுக்கும் கூடத்தின் பின்கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். பின்பக்க வெள்ளை விளக்குகளை மஞ்சளாக மாற்றினால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் தேளும் குறையும். விடியற்காலைப் பூசைக்கு முன் பிராகாரத்தையும் காவடிப் பாதையையும் ஒருவர் புறஊதா டார்ச்சோடு சுற்றி வரட்டும். தேள் இருந்தால் நீண்ட இடுக்கியால் எடுத்து மூடியுள்ள வாளியில் போட்டு மேலே விட்டுவிடலாம். அந்த வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சமய வகுப்பின் பெரிய பிள்ளைகள் சிலரும் டார்ச் பிடிக்கத் தயாராக இருக்கிறார்கள். அப்புறம், கொட்டினால் என்ன செய்வது, எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று மூன்று மொழியில் ஒரு தாளை அன்னதானக் கூடத்தில் ஒட்டுங்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைத் தனி விஷயமாகச் சேர்த்து, பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பதில் வாட்ஸ்அப்பில் வேண்டாம். கோயில் முத்திரையோடு எழுத்தில், சிமெண்ட் லாரி வருவதற்கு முன்னால் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆயுள் உறுப்பினரும் சமய வகுப்பு ஆசிரியையுமான உங்கள் டீச்சர்,
பினாங்கு